கலிஃபோர்னியா கூப்பர்டினோவுல வீடு வச்சிருக்கிற தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்டீவன்ஸ் கிரீக் ரோட்டுலயோ டி ஆன்ஸா ரோட்டுலயோ புதுசா ஒரு அபார்ட்மெண்ட் வரப்போகுதுன்னு நியூஸ் வந்தா போதும், அன்னிக்கு சாயந்திரமே நம்ம வாட்ஸ்அப் குரூப்புல ஒரு பெட்டிஷன் சுத்த ஆரம்பிச்சிடுது. ஸ்கூல் தாங்காது, டிராஃபிக் தாங்காது, ஊரே மாறிப்போயிடும், உடனே கையெழுத்து போடுங்க, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்புங்கன்னு. நம்ம ஆளுங்க நிறைய பேர் முழுசா படிச்சுக்கூட பாக்காம கையெழுத்து போட்டுடறாங்க, சில பேர் சிட்டி கவுன்சில் வரைக்கும் போய் மைக் முன்னாடி நின்னு பேசிட்டும் வர்றாங்க. உங்களுக்குத்தான் இதை எழுதறேன். நானும் இந்த ஊர்ல வீடு வச்சிருக்கிறவதான், பிள்ளைங்கள இங்கயே ஸ்கூலுக்கு அனுப்பி வளர்த்தவதான், அதனால வெளியாள் யாரோ வந்து புத்தி சொல்றாங்கன்னு நினைக்காம கொஞ்சம் பொறுமையா படிங்க. அந்த பெட்டிஷன் எந்த ஊரைப் பத்தி பேசுதோ அந்த ஊர் இப்ப இல்ல. அது பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஊர். இப்ப இருக்கிற கூப்பர்டினோவுக்கு ஆள் குறையுது, அதுலயும் குழந்தைங்க குறையறாங்க, அதை நாமளே நம்ம கையெழுத்தால வேகப்படுத்திட்டு இருக்கோம்.

மொதல்ல தலைக்கணக்க பாருங்க. 2000 சென்சஸ்ல இந்த ஊர்ல 50,546 பேர். 2010-ல 58,302. 2020-ல 60,381. அதாவது மொத பத்து வருஷத்துல 7,700 பேருக்கு மேல கூடின ஊர், அடுத்த பத்து வருஷத்துல வெறும் 2,079 பேர்தான் கூடியிருக்கு. 2020-க்கு அப்புறம் வந்த மதிப்பீடுகள்ல எண்ணிக்கை கீழதான் போயிருக்கு. இதே காலகட்டத்துலதான், 2017-ல, நம்ம ஊருக்குள்ளயே ஆப்பிள் பார்க் திறந்தாங்க, 175 ஏக்கர், 12,000 பேர் வேலை பாக்கிற இடம். ஒரு ஆபீஸ் வளாகத்துல மட்டும் பன்னெண்டாயிரம் பேருக்கு இடம் பண்ணிக் கொடுத்த ஊர், பத்து வருஷத்துல ரெண்டாயிரம் பேர் கூடுதலா குடியிருக்கத்தான் இடம் கொடுத்திருக்குன்னா மிச்ச பேர் எங்க இருந்து வர்றாங்க, காலைல 280, 85 ஹைவேக்கள்ல யார் நிக்கறாங்கன்னு நாமளே யோசிச்சுக்கலாம். டிராஃபிக்குக்கு காரணம் இங்க குடியிருக்கிறவங்க இல்லீங்க, இங்க குடியிருக்க முடியாம டிரேசி, மான்டீக்கா, கில்ராய்னு தூரத்துல வீடு பாத்துட்டு தினமும் வண்டி ஓட்டிட்டு வர்றவங்க.

அடுத்து ஸ்கூல். "ஸ்கூல்ல கூட்டம் தாங்காது"ங்கிற பேச்சு 2010 வாக்குல உண்மை. அந்த சென்சஸ்ல நம்ம ஊர்ல நூத்துக்கு 27 பேருக்கு மேல 18 வயசுக்கு கீழ இருந்தாங்க, கிளாஸ் ரூம் பத்தாம போர்ட்டபிள் ரூம் கொண்டு வந்து வச்சாங்க, ஃபிரெமான்ட்லயும் மில்பிடாஸ்லயும் இருந்தவங்க எல்லாம் கூப்பர்டினோ ஸ்கூலுக்காகவே இங்க குடிவந்தாங்க. ஆனா கூப்பர்டினோ யூனியன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல ஒரு காலத்துல 19 ஆயிரத்தை ஒட்டி இருந்த பிள்ளைங்க எண்ணிக்கை, அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்குள்ள நாலுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சு போச்சு. 2021 அக்டோபர்ல போர்டுல ஓட்டெடுத்து ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ்னு ரெண்டு எலிமெண்டரி ஸ்கூல மூடறதுன்னு முடிவு பண்ணாங்க. அப்ப நடந்த மீட்டிங்குகள்ல எத்தனை அம்மா அப்பா அழுதாங்கன்னு பாத்தவங்களுக்கு தெரியும், நடந்து போற தூரத்துல இருந்த ஸ்கூல் போகப் போகுதுன்னா எந்தக் குழந்தைக்குத்தான் மனசு தாங்கும். அந்தக் கூட்டத்துல அழுதவங்கள்ல சில பேர் அதுக்கு முன்னாடி அபார்ட்மெண்ட் வேண்டாம்னு கையெழுத்து போட்டவங்க, இதை நான் யாரையும் குத்திக் காட்ட சொல்லல, இந்த ரெண்டுக்கும் நேரடி சம்பந்தம் இருக்குங்கிறத யாரும் அவங்களுக்கு எடுத்துச் சொல்லலையேங்கிற வருத்தத்துல சொல்றேன்.

சம்பந்தம் இதுதான். சின்னக் குழந்தை இருக்கிற குடும்பம்னா பொதுவா முப்பதுல இருந்து நாப்பத்தஞ்சு வயசுக்காரங்க. அந்த வயசுல இருக்கிற ஒருத்தருக்கு இன்னிக்கு கூப்பர்டினோவுல சாதாரண மூணு பெட்ரூம் வீடு ரெண்டு மில்லியன் டாலருக்கு மேல, மோன்டா விஸ்டா பக்கம்னா மூணு கூட ஆகுது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பெரிய கம்பெனில வேலை பாத்து பங்கு வித்தாதான் டவுன் பேமெண்ட்டே கட்ட முடியும். வாங்க முடியாதவங்க வாடகைக்கு வரலாம்னா அபார்ட்மெண்ட் கட்ட விடறதில்ல. இருக்கிற வீடுகள்ல யார் இருக்கோம்? நாமதான் இருக்கோம். பிள்ளைங்க காலேஜ் முடிச்சு சியாட்டில், ஆஸ்டின், நியூயார்க்னு போயாச்சு, நாலு பெட்ரூம் வீட்டுல ரெண்டு பேர். பத்து வருஷத்துக்கு முன்னாடி ஹாலோவீன் அன்னிக்கு சாக்லேட் கேட்டு வர்ற பிள்ளைங்களால கதவை சாத்தவே நேரம் இருக்காது, எங்க தெருவுல இப்ப வாங்கி வச்ச சாக்லேட்ல பாதி அப்படியே மிச்சம் ஆகுது. தெருவுல வீடு ஒண்ணு கூட குறையல, வீட்டுக்குள்ள இருக்கிற ஆளுதான் குறைஞ்சிருக்கு.

நாம ஏன் வித்துட்டுப் போறதில்லன்னும் சொல்லணும், ஏன்னா இதுல தப்புன்னு யாரையும் சொல்ல முடியாது. 1978-ல கலிஃபோர்னியா மக்கள் ஓட்டு போட்டு கொண்டு வந்த பிராப்பசிஷன் 13 படி, வீடு வாங்கின விலைல ஒரு சதவீதம்தான் அடிப்படை பிராப்பர்டி டாக்ஸ், அந்த மதிப்பும் வருஷத்துக்கு ரெண்டு சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது. கணக்கு போட்டுப் பாருங்க, ஒருத்தர் நாப்பது வருஷம் முன்னாடி ரெண்டு லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தா இன்னிக்கு அவருக்கு வரி போடற மதிப்பு நாலரை லட்சத்துக்குள்ளதான், அவர் கட்டற அடிப்படை வரி நாலாயிரத்து சொச்சம். அதே தெருவுல போன மாசம் ரெண்டரை மில்லியனுக்கு வாங்கின இளம் தம்பதி கட்டறது இருபத்தஞ்சாயிரம். வித்தா லாபத்துக்கு கேபிடல் கெயின்ஸ் டாக்ஸ் வேற. அதனால முழங்கால் வலிச்சாலும் மாடிப்படி ஏறிட்டு பெரிய வீட்டுலயே இருக்கோம். 2020-ல வந்த பிராப்பசிஷன் 19 இதுல ஒரு வழி விட்டிருக்கு, 55 வயசு தாண்டினவங்க தன்னோட பழைய வரி மதிப்பை கலிஃபோர்னியாவுக்குள்ள வாங்கற வேற வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். ஆனா எங்க எடுத்துட்டுப் போறது? இதே ஊர்ல, நம்ம கோயிலுக்கும் லைப்ரரிக்கும் டாக்டருக்கும் பக்கத்துல, லிஃப்ட் வச்ச ஒரு ரெண்டு பெட்ரூம் வீடு இருந்தா நான் நாளைக்கே மாறுவேன், என்னை மாதிரி எத்தனையோ பேர் மாறுவாங்க, நாங்க காலி பண்ற வீட்டுக்கு குழந்தை குட்டியோட ஒரு குடும்பம் வரும், ரெக்னார்ட் மாதிரி இன்னொரு ஸ்கூல் மூடாம இருக்கும். நாம எதிர்க்கிற அதே கட்டடங்கள்லதான் அந்த ரெண்டு பெட்ரூம் வீடு இருக்கு.

இப்ப "ஊரே மாறிப்போயிடும்"ங்கிறத எடுத்துக்குவோம். இந்த ஊர் மாறாம இருந்திருந்தா நாம இங்க இருந்திருக்கவே முடியாதுங்க. இது பிளம்ஸ், ஆப்ரிகாட், செர்ரி தோட்டமா இருந்த நிலம், அதுக்கும் முன்னாடி ஒலோனி பூர்வகுடி மக்களோட பூமி. 1955-ல சிட்டியாச்சு. 1913-ல இருந்து 1952 வரைக்கும் இந்த மாநிலத்துல, அமெரிக்கக் குடியுரிமை வாங்க சட்டம் அனுமதிக்காத ஆசியாக்காரங்க விவசாய நிலம் சொந்தமா வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு, அந்தச் சட்டம் நம்ம நாட்டுல இருந்து வந்தவங்களையும் சேர்த்துத்தான் தடுத்துச்சு. அதுக்கப்புறமும் பல இடங்கள்ல பில்டர்களே வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் வீடு வித்தாங்க. அந்தக் காலத்துல யாரா இருந்தாலும் விப்பேன்னு நின்னவர் ஜோசப் ஐக்லர்ங்கிற பில்டர், அவர் 1960-61-ல கட்டின வீடுகள் நம்ம ஊர் ஃபேர்குரோவ் பகுதில இன்னிக்கும் இருக்கு, அந்தப் பக்கம் நடந்து போனா நின்னு பாருங்க. 1965 குடியேற்றச் சட்டம் வந்து கதவு திறந்துச்சு, தைவான்ல இருந்தும் ஹாங்காங்ல இருந்தும் என்ஜினியர்கள் வந்தாங்க, 90-கள்ல எச்1பி விசாவுல நாம வந்தோம். 1980-ல நூத்துக்கு பத்து பேர்கூட இல்லாத ஆசியர்கள் 2000-ல 44, 2010-ல 63, 2020-ல மூணுல ரெண்டு பங்குன்னு ஆனோம். 1995-ல மைக்கேல் சாங் சிட்டி கவுன்சிலுக்கு ஜெயிச்சார், 2017-ல சவிதா வைத்யநாதன் மேயரா இருந்தாங்க. இதையெல்லாம் பெருமையா சொல்லிக்கறோம், சொல்லிக்கவும் வேணும்.

ஆனா அந்த நடுவுல நம்மள பத்தி என்ன பேசினாங்கன்னு மறந்துடாதீங்க. 2005 நவம்பர்ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகைல நம்ம மோன்டா விஸ்டா, லின்புரூக் ஸ்கூல்களைப் பத்தி ஒரு செய்தி வந்துச்சு, ஆசியக் குழந்தைங்க அதிகமாயிட்டாங்க, படிப்பு படிப்புன்னு போட்டி தாங்கலன்னு வெள்ளைக்காரக் குடும்பங்கள் அந்த ஸ்கூல்களை விட்டு விலகறாங்கன்னு. அப்ப நம்ம வீடுகள்ல எவ்வளவு வேதனைப்பட்டோம். நம்ம பிள்ளைங்க படிக்கறது ஒரு குத்தமா, நாம வந்தா ஒரு ஊர் கெட்டுப் போயிடுமான்னு கேட்டோம். இன்னிக்கு அதே நாம, மலிவு வாடகை வீடு வருதுன்னதும், "எந்த மாதிரி ஆளுங்க வருவாங்களோ"ன்னு குரூப்புல எழுதறோம். இதைப் படிக்கும்போது எனக்கு மனசு கொதிக்குது.

எந்த மாதிரி ஆளுங்கன்னு நான் சொல்றேன். நம்ம ஊர் இருக்கிற சான்டா கிளாரா கவுண்டில நாலு பேர் இருக்கிற குடும்பம் வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் சம்பாதிச்சாலும் அரசாங்கக் கணக்குப்படி குறைஞ்ச வருமானக் குடும்பம்தான். உங்க பேரப்பிள்ளையோட கிண்டர்கார்டன் டீச்சர் அந்தக் கணக்குக்குள்ள வர்றவங்க. பல் டாக்டர்கிட்ட போனா உங்க பல்ல கிளீன் பண்ணி விடற பொண்ணு, தீயணைப்பு வண்டில புதுசா சேர்ந்த பையன், சீனியர் சென்டர்ல உங்க அம்மாவுக்கு யோகா சொல்லித் தர்றவங்க, டி ஆன்ஸா காலேஜ்ல படிச்சிட்டே கடைல வேலை பாக்கிற பிள்ளைங்க, இவங்கதான் அந்த ஆளுங்க. டி ஆன்ஸா பிள்ளைங்கள்ல கார்லயே படுத்துத் தூங்கறவங்க இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு? நம்ம வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல. கவுண்டி முழுக்க பாத்தா ஏறக்குறைய நாலுல ஒருத்தர் ஹிஸ்பானிக், நம்ம ஊர்ல நூத்துக்கு நாலு பேர் தேறறதே கஷ்டம், கறுப்பின மக்கள் நூத்துக்கு ஒருத்தரை ஒட்டித்தான். நம்ம தோட்டத்தை சுத்தம் பண்றவரும், ஹோட்டல்ல நமக்கு சமைச்சுப் போடறவரும், ராத்திரி ஆபீஸ் கூட்டறவரும் வேலை முடிஞ்சதும் ஊரை விட்டு வெளிய போயாகணும்னா, எல்லா நிற மக்களும் இருக்கிற ஊர்னு நாம சொல்லிக்கறதுல பாதிதான் உண்மை.

நம்ம தமிழ் ஆளுங்களையே எடுத்துக்கோங்களேன். முன்னாடி வந்து வீடு வாங்கினவங்க நாம, பின்னாடி வந்தவங்க இன்னும் வாடகைல இருக்காங்க. எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல கிடையாதுங்கிற விதியால இந்தியால பொறந்தவங்களுக்கு கிரீன் கார்டு கியூ எவ்வளவு நீளம்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. எச்1பி விசாவுல இருக்கும்போது வேலை போனா, அறுபது நாளுக்குள்ள அடுத்த வேலை இல்லன்னா பொதுவா இந்த நாட்டை விட்டே கிளம்பணும்ங்கிற நிலைமைல எந்த தைரியத்துல ஒருத்தர் ரெண்டு மில்லியன் கடன் எடுப்பார்? அந்தக் குடும்பங்கள் வாடகை வீட்டைத்தான் நம்பி இருக்காங்க, வாடகை ஏற ஏற சன்னிவேல், சான்டா கிளாரா, அப்புறம் சான் ரமோன், மவுண்டன் ஹவுஸ்னு தள்ளித் தள்ளிப் போறாங்க. ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புக்கு பிள்ளைங்கள சேர்க்க வர்றவங்க எங்க இருந்து வர்றாங்கன்னு கேட்டுப் பாருங்க, கூப்பர்டினோங்கிற பதில் வருஷா வருஷம் குறையுது. நம்ம குழந்தைங்க? இதே ஊர்ல பொறந்து வளர்ந்த பொண்ணு, நல்ல வேலைலதான் இருக்கா, கல்யாணம் ஆயிடுச்சு, அம்மா பக்கத்துல இருக்கணும்னு ஆசை, ஆனா அவளால இங்க ஒரு வீடு எடுக்க முடியல. இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

வால்கோ மால் விஷயத்தை கொஞ்சம் ஞாபகப்படுத்தறேன், ஏன்னா நம்ம எதிர்ப்பு எங்க கொண்டு போய் விடும்ங்கிறதுக்கு அதைவிட பெரிய உதாரணம் கிடையாது. 1976-ல திறந்த மால், கடைகள் ஒவ்வொண்ணா மூடி வெறிச்சோடிப் போச்சு. 2016 தேர்தல்ல அதைப் பத்தி மக்கள் ஓட்டுக்கு ரெண்டு மெஷர், அதாவது தீர்மானம், வந்துச்சு, ஒண்ணு கட்டணும்னு, இன்னொண்ணு கட்டுப்படுத்தணும்னு, மக்கள் ரெண்டையுமே தோக்கடிச்சாங்க. 2018-ல பில்டர் வீடு கட்ட சீக்கிரம் அனுமதி கொடுக்க வைக்கிற மாநிலத்தோட எஸ்பி 35 சட்டத்துல அப்ளை பண்ணார், 2,402 வீடு, அதுல பாதி குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு, சிட்டி அனுமதி கொடுக்க வேண்டியதாப் போச்சு. எதிர்த்து கேஸ் போட்டாங்க, 2020-ல கோர்ட் கட்டலாம்னு சொல்லிடுச்சு. மால் கட்டடத்தை இடிச்சு வேலி போட்டு வருஷக்கணக்கா அந்த நிலம் சும்மா கிடந்துச்சு. அந்த வருஷங்கள்ல அங்க வளர்ந்திருக்க வேண்டிய குழந்தைங்க வேற ஊர்ல வளர்ந்தாங்க, அதே வருஷங்கள்லதான் நம்ம ஸ்கூல் மூடினாங்க.

அதோட முடியல. 2023-ல இருந்து 2031 வரைக்கும் கூப்பர்டினோ 4,588 வீட்டுக்கு திட்டம் போட்டாகணும்னு மாநில, வட்டார அளவுல ஒதுக்கீடு வந்துச்சு, போன தடவை 1,064-தான் இருந்துச்சு. அந்த 4,588-ல 2,635 வீடு நடுத்தர வருமானத்துக்கும் அதுக்கு கீழ இருக்கிறவங்களுக்கும். 2023 ஜனவரி கடைசிக்குள்ள மாநிலம் ஏத்துக்கற மாதிரி திட்டம் கொடுத்திருக்கணும், நம்ம ஊர் இழுத்து இழுத்து 2024 செப்டம்பர்லதான் ஒப்புதல் வாங்குச்சு. நடுவுல இருந்த அந்த இடைவெளில "பில்டர்ஸ் ரெமெடி"ங்கிற விதியை வச்சு, எங்க என்ன கட்டலாம்ங்கிற சிட்டியோட ஜோனிங் விதியை மீறியும் பில்டர்கள் அப்ளை பண்ணலாம்னு ஆச்சு, பண்ணவும் பண்ணாங்க. எந்த இடத்துல எவ்வளவு உயரம், மரம் எத்தனை, சைக்கிள் பாதை எங்க, ஸ்கூலுக்கு நடந்து போற வழி எப்படின்னு நாம உக்காந்து பேசி வாங்கியிருக்கலாம். வேண்டாம் வேண்டாம்னு மட்டுமே சொல்லிட்டு இருந்ததால பேசற இடத்துல நமக்கு நாற்காலியே இல்லாமப் போச்சு.

வீட்டு விலை விழுந்துடும்னு ஒரு பயம் இருக்கு, அதையும் மறைக்காம பேசிடுவோம். நமக்கு வீடுங்கிறது வாழ்நாள் சேமிப்பு, ஊர்ல அப்பா அம்மாவுக்கு பணம் அனுப்பிட்டு, லீவுக்குக்கூட போகாம கட்டின கடன், அதுல கை வைக்கற மாதிரி யார் பேசினாலும் பதறும். ஆனா விலையை இங்க தாங்கிப் பிடிக்கறது வேலையும் ஸ்கூலும். வேலை எங்கயும் போகல. ஸ்கூல்தான் ஆட்டம் காணுது. ஸ்கூல் ஒவ்வொண்ணா மூடற ஊர், வயசானவங்க மட்டும் இருக்கிற தெருன்னு ஆனா, அடுத்து வர்ற இளம் குடும்பம் எதுக்காக இங்க அவ்வளவு விலை கொடுக்கும்?

உங்ககிட்ட நான் கேக்கறது பெரிய விஷயம் எதுவும் இல்ல. அடுத்த பெட்டிஷன் வந்தா உடனே கையெழுத்து போடாதீங்க, எத்தனை வீடு, யாருக்கு, எந்த ஸ்கூல் எல்லைக்குள்ள, அந்த ஸ்கூல்ல இப்ப எத்தனை பிள்ளைங்கன்னு கேளுங்க, கேட்டு அனுப்பினவங்களையே பதில் சொல்ல வைங்க. பேக்யார்ட்ல ஏடியுங்கிற சின்னத் தனி வீடு கட்டி வச்சிருக்கிறவங்க அதை சாமான் போடற ரூமா வச்சிருக்காம ஒரு காலேஜ் பிள்ளைக்கோ டீச்சருக்கோ நியாயமான வாடகைக்கு விடுங்க. சிட்டிசன் ஆனவங்க நவம்பர்ல கவுன்சிலுக்கு ஓட்டு போடும்போது யார் வீடு கட்ட ஆதரவு, யார் எதிர்ப்புன்னு பாத்துட்டு போடுங்க.

முக்கியமா, ஒரு தடவை நேர்ல வாங்க. மாசத்துல மொத செவ்வாயும் மூணாவது செவ்வாயும் சாயந்திரம் டாரே அவென்யூவுல லைப்ரரி பக்கத்துல இருக்கிற கம்யூனிட்டி ஹால்லதான் கவுன்சில் கூடுது. சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, வீடு சொந்தமா இருக்கணும்னும் இல்ல, யார் வேணா பேசலாம். இது வரைக்கும் அங்க நம்ம சார்பா பேசினவங்க பெரும்பாலும் வேண்டாம்னு சொன்னவங்கதான், வாடகைல இருக்கிற நம்ம தம்பி தங்கச்சிங்க பயந்துக்கிட்டு வர்றதே இல்ல. அவங்களையும் கூட்டிட்டு வாங்க. இங்கிலீஷ்ல பேச கூச்சமா இருந்தா முன்னாடியே எழுதி வச்சு படிக்கலாம், எழுத உதவி வேணும்னா குரூப்புல எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, உங்க வீட்டுக்கே வந்து உக்காந்து சேர்ந்து எழுதுவோம். சின்னக் குழந்தை இருக்கு, யார் பாத்துப்பாங்கன்னு யோசிக்கிறவங்க குழந்தையையும் தூக்கிட்டே வாங்க, கவுன்சில்ல உக்காந்திருக்கிறவங்க அதைத்தான் மொதல்ல பாக்கணும்.

அன்போட,
உங்க ஊர்க்காரி ஒருத்தி